வாசகர் கேள்வி – பதில்: விசையின் செயல் மாறினால் கையேட்டில் என்னென்ன மாற வேண்டும்?

உரையை எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருள்களான உரைத்தொகுப்பிகளைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பல, ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. ஒரு விசையோ கட்டளையோ வேலை செய்யும் விதம் புதிய பதிப்பில் மாறும்போது, அதன் ஆவணங்களை எப்படித் திருத்துவது என்பதே அந்தப் பொருள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் குழு உருவாக்கும் உரைத்தொகுப்பியில் கீழ் அம்புக்குறியின் செயலை மாற்றினோம். முன்பு அது கோப்பின் அடுத்த வரிக்குச் செல்லும். இனி, மடிந்து தெரியும் வரிகளிலும் ஒவ்வொன்றாக இறங்கும். கையேட்டில் அந்த விசையின் பெயர் வரும் இடங்களையெல்லாம் தேடித் திருத்திவிட்டேன். ஆனாலும் கையேடு தவறாக இருக்கிறது என்று பயனர்கள் எழுதுகிறார்கள். எதை விட்டுவிட்டேன்?

தேடினால் விசையின் பெயர் அகப்படும். அந்த விசையை நம்பி எழுதப்பட்ட வாக்கியம் அகப்படாது. உங்கள் கையேட்டில் இப்போது தவறாக நிற்பவை, பெரும்பாலும் அந்த விசையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாத வாக்கியங்களாகவே இருக்கும். நீங்கள் செய்த இதே மாற்றத்தை ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பி 2009 ஜூலையில் வெளிவந்த தனது 23.1 பதிப்பில் செய்தது. அதைச் சற்று அருகில் சென்று பார்ப்பது உங்களுக்கு உதவும்.

எண்பது எழுத்து அகலமுள்ள முனையத் திரையில் 200 எழுத்து நீளமுள்ள ஒரே வரியைத் திறந்தால், அது மூன்றாக மடிந்து தெரியும். முதல் இரண்டு மடிப்புகளில் 79 எழுத்துகள் வீதமும் மூன்றாவதில் 42 எழுத்துகளும் இருக்கும்; முதல் இரண்டின் வலது ஓரத்தில், வரி இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டும் பின்சாய்கோடு நிற்கும். 23.1 பதிப்புக்கு முன், முதல் மடிப்பில் கர்சரை வைத்து, கீழ் அம்புக்குறியின் வேலையையே செய்யும் கன்ட்ரோல்-என் விசையை அழுத்தினால், மற்ற இரண்டு மடிப்புகளையும் தாண்டிக் கோப்பின் அடுத்த வரிக்குச் சென்றுவிடும். அந்தப் பதிப்பிலிருந்து அதே விசை, அதே வரியின் இரண்டாவது மடிப்புக்கு இறங்குகிறது. கண்ணுக்குத் தெரிவதும் விரல் செய்வதும் ஒத்துப்போவதால் இது நல்ல மாற்றம் என்பதே என் எண்ணம். ஆனால் வரியின் தொடக்கத்துக்குச் செல்லும் கன்ட்ரோல்-ஏ மாறவில்லை; வரியின் எஞ்சிய பகுதியை வெட்டும் கன்ட்ரோல்-கே மாறவில்லை. இவ்விரண்டுக்கும் வரி என்பது இன்றும் கோப்பில் உள்ள முழுவரிதான். அதாவது, அதுவரை ஒரே பொருளில் வழங்கிய 'வரி' என்ற சொல் ஒரே நாளில் இரண்டாகப் பிளந்தது: திரைவரி, முழுவரி.

இதனால் பயனருக்கு என்ன நேரும் என்பதற்கு ஒரு சிறிய மேக்ரோ, அதாவது பதிவு செய்துவைத்து மீண்டும் மீண்டும் இயக்கும் விசை வரிசை, போதும். பட்டியல் ஒன்றின் ஒவ்வொரு வரிக்கு முன்னும் ஓர் உடுக்குறியை (*) இட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரியின் தொடக்கத்துக்குச் செல்க, உடுக்குறியை இடுக, ஒரு வரி கீழே செல்க, இவ்வளவுதான் மேக்ரோ. வரிகள் குறுகியவையாக இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். நீண்ட வரி ஒன்று வந்ததும், 'ஒரு வரி கீழே' என்பது அதே வரியின் இரண்டாவது மடிப்பில் போய் நிற்கும். அடுத்த சுற்றில் 'வரியின் தொடக்கம்' என்பது பழைய இடத்துக்கே திரும்பிக் கொண்டுவந்துவிடும். உடுக்குறிகள் ஒரே வரியின் தலையில் மீண்டும் மீண்டும் குவியும். இந்த மேக்ரோவை ஒரு கையேடு 'கீழே செல்க' என்ற சொற்களால் விளக்கியிருந்தால், விசையின் பெயரை வைத்துத் தேடுபவருக்கு அந்தப் பத்தி கிடைக்கவே கிடைக்காது. நீங்கள் தேட வேண்டியது விசையின் பெயரை மட்டுமல்ல, பிளந்துபோன சொல்லையும்தான். உங்கள் கையேட்டில் 'வரி' என்ற சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, இது திரைவரியா முழுவரியா என்று முடிவு செய்ய வேண்டும். அந்தச் சொல் நூற்றுக்கணக்கான இடங்களில் வந்தாலும் இதற்குக் குறுக்குவழி கிடையாது. மென்பொருளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, வாக்கியம் சொல்லும் விசையை அழுத்திப் பார்த்தபடியே படிப்பதுதான் நம்பத்தக்க வழி.

ஈமாக்ஸ் கையேடு இதை எப்படி எழுதியது என்பதையும் பாருங்கள். கன்ட்ரோல்-என் ஒரு திரைவரி கீழே செல்லும் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. நீண்ட வரிகள் மடிந்து தெரிவதை விளக்குகிறது. பழைய நடத்தையை விரும்புபவர் 'லைன்-மூவ்-விஷுவல்' என்ற அமைப்பு மாறியின் மதிப்பை nil (அதாவது 'இல்லை') ஆக்கிக்கொள்ளலாம் என்பதையும் அதே இடத்தில் தருகிறது. மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் அந்தக் கட்டளையின் குறிப்புரையோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. எப்போதும் முழுவரியாகவே நகர விரும்புபவருக்கு அதற்கென உள்ள தனிக் கட்டளையைக் காட்டுகிறது. இதை நிரலுக்குள் பயன்படுத்த நினைப்பவரிடம், அதற்குப் பதிலாக 'ஃபார்வர்ட்-லைன்' என்ற செயற்கூற்றைக் கருதிப் பார்க்கும்படி சொல்கிறது. சாதாரணப் பயனர், பழக்கத்தை விடாதவர், நிரலர் ஆகிய மூவரையும் ஒரு சிறு குறிப்பில் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி: கையேடு ஒன்றுதான் திருத்த வேண்டியதா? வேறு எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

செயல் விளக்கப்பட்டிருக்கும் எல்லா இடங்களையும் பார்க்க வேண்டும். மென்பொருளுக்குள் இருக்கும் குறிப்புரை, கையேடு, புதியவர்களுக்கான பயிற்சிப் பாடம், பதிப்பு மாற்றக் குறிப்பு, ஒருபக்க விசை அட்டை ஆகியவை பெரும்பாலான உரைத்தொகுப்பிகளுக்கு உண்டு. இவற்றில் எது மறக்கப்படும் என்று கேட்டால், அட்டைதான் என்று தயங்காமல் சொல்வேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், அங்கேயே எழுதப்பட்ட தட்டச்சு மென்பொருள் ஒன்றின் கையேடு என் பொறுப்பில் இருந்தது. அதில் எஃப்5 விசை அன்றைய தேதியை இடும். புதிய பதிப்பில் அதே விசை, சேமிக்காத திருத்தங்களைக் கைவிட்டுக் கோப்பை மீண்டும் படிக்கும் விசையாக மாற்றப்பட்டது. கையேட்டை அன்றே திருத்தினேன். ஆனால் ஒவ்வொரு மேசையிலும் திரைக்குக் கீழே ஒட்டப்பட்டிருந்த, பிளாஸ்டிக் உறையிட்ட விசை அட்டையை நான் நினைத்துப் பார்க்கவில்லை. தேதி இடுவதற்காக எஃப்5 அழுத்திய சக பணியாளர் ஒருவர், காலை முழுவதும் தட்டச்சு செய்த பக்கங்களை இழந்தார். சரியான வாக்கியத்தை எழுதுவது பணியின் ஒரு பாதி என்பதையும், மக்கள் உண்மையில் எந்தத் தாளைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது அதன் மறுபாதி என்பதையும் அன்றுதான் உணர்ந்தேன்.

ஈமாக்ஸ் குழு, எதுவும் விட்டுப்போகாமல் இருக்க ஓர் எளிய வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறது. அடுத்த பதிப்பின் மாற்றக் குறிப்புக் கோப்பில் ஒவ்வொரு மாற்றத்துக்கு மேலும் ஒரு குறி இடப்படும். மூன்று கூட்டல் குறிகள் இருந்தால், தொடர்புடைய கையேடுகள் எல்லாம் திருத்தப்பட்டுவிட்டன என்று பொருள். மூன்று கழித்தல் குறிகள் இருந்தால், கையேட்டில் மாற்றம் தேவையில்லை என்று பொருள். எந்தக் குறியும் இல்லையென்றால், அதை இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை. எந்தக் குறி பொருந்தும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இடும்படியும், கட்டளைகளின் குறிப்புரைகளையும் தேவைக்கேற்பத் திருத்தும்படியும் அந்தக் கோப்பே சொல்கிறது. எந்தச் சிறு குழுவும் நாளையே இதைத் தொடங்கலாம். தனி மென்பொருளோ கூட்டமோ தேவையில்லை. கழித்தல் குறிதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. 'திருத்தம் தேவையில்லை' என்பதும் ஒருவர் யோசித்து எடுத்த முடிவாகப் பதிவாகிறது. வெறும் மறதியிலிருந்து அது பிரிந்து தெரிகிறது.

கேள்வி: ஈமாக்ஸில் தமிழில் எழுதும்போது டெலீட் விசை 'னி' முழுவதையும் நீக்குகிறது, பேக்ஸ்பேஸ் இகரக் குறியை மட்டும் நீக்குகிறது. கையேட்டில் முதல் விசைக்கு 'எழுத்து அல்லது எழுத்துக் கொத்து' என்ற பொருளிலும், இரண்டாவதற்கு 'எழுத்து' என்று மட்டும் பொருள்படவும் எழுதியிருக்கிறார்கள். இது கையேட்டின் பிழையா?

பிழையில்லை. அந்தக் கூடுதல் சொற்கள் உங்களையும் என்னையும் போன்றவர்களுக்குப் பெரிதும் பயன்படுபவை.

கணினியில் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படும் யூனிகோட் முறையில் 'பனி' என்ற சொல் மூன்று குறியீடுகளால் ஆனது: ப, ன, அதன்பின் இகரக் குறி. கர்சரை ப-வுக்கும் னி-க்கும் நடுவில் வைத்து டெலீட் அழுத்துவதாகக் கொள்வோம். முன்பு ஈமாக்ஸ் ன என்ற ஒரே குறியீட்டை நீக்கும். அனாதையாக நின்ற இகரக் குறி முன்னால் இருந்த ப-வுடன் ஒட்டிக்கொள்ளும். 'பனி' என்பது 'பி' ஆகிவிடும். தமிழ் எழுதுபவர் யாரும் கேட்காத விளைவு இது. 2023 ஜூலையில் வந்த 29.1 பதிப்பிலிருந்து, திரையில் இணைந்து ஒன்றாகத் தெரியும் கொத்தை டெலீட் விசை முழுவதுமாக நீக்குகிறது. இப்போது எஞ்சுவது 'ப' மட்டும். மாற்றக் குறிப்பில் இதற்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டு எமோஜி என்றாலும், பயன் நமக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் கன்ட்ரோல்-டி இன்றும் ஒரு குறியீட்டை மட்டுமே நீக்கும் தனிக் கட்டளை. பேக்ஸ்பேஸும் கடைசிக் குறியீட்டை மட்டுமே நீக்கும்; 'னி' என்று அடித்துவிட்டு 'னீ' ஆக்க நினைப்பவருக்கு அதுவே வசதி.

ஆவணம் எழுதுபவரின் கண்ணோட்டத்தில் பார்த்தால், முதல் கேள்வியில் 'வரி'க்கு நேர்ந்ததுதான் இங்கே 'எழுத்து'க்கும் நேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவருக்கு ஒரு விசை, ஓர் எழுத்து, ஒரு குறியீடு மூன்றும் பெரும்பாலும் ஒன்றே. தமிழில் அப்படியில்லை. நமது 216 உயிர்மெய்களில் அகரம் ஏறிய 18 மட்டுமே யூனிகோடில் தனிக் குறியீடு பெற்றவை. மற்ற 198-ம், புள்ளி வைத்த மெய்கள் 18-ம் ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகள் சேர்ந்து உருவாகின்றன. ஆகவே 'ஓர் எழுத்தை நீக்கும்' என்ற வாக்கியத்தைத் தமிழ் வாசகர் உயிர்மெய் என்றே படிப்பார். தமிழில் கையேடு எழுதும் எவரும் 'எழுத்து', 'குறியீடு' என்ற இரண்டு சொற்களையும் முதல் அத்தியாயத்திலேயே வரையறுத்து, பின்னர் ஒன்றின் இடத்தில் மற்றதை ஒருபோதும் எழுதாமல் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதே 29.1 பதிப்பில், கர்சர் இருக்கும் இடத்தில் கொத்தைத் தற்காலிகமாகப் பிரித்துக் காட்டும் விருப்பத் தேர்வும் சேர்க்கப்பட்டது. இகரக் குறியை மட்டும் மாற்ற விரும்புபவர்கள் அதை இயக்கிப் பார்க்கலாம்.

கேள்வி: பழைய நடத்தையைக் கையேட்டில் வைத்திருக்க வேண்டுமா, அழித்துவிட வேண்டுமா? எங்கள் குழுவில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன.

வரலாறு மாற்றக் குறிப்புக்கு உரியது. கையேடு இன்றைய நடத்தையைச் சொல்ல வேண்டும். ஆனால் பழைய நடத்தைக்குத் திரும்பும் வழி வரலாறு அல்ல. அது இன்றைக்கும் செய்யக்கூடிய ஒரு செயல் என்பதால், அதன் இடம் கையேடுதான்.

பெரிய ஒய் விசையின் கதை இதற்குப் பொருத்தமானது. விம் உரைத்தொகுப்பியில் பெரிய டி, பெரிய சி ஆகிய விசைகள் கர்சரிலிருந்து வரியின் இறுதிவரை செயல்பட, பெரிய ஒய் மட்டும் முழுவரியையும் நகலெடுக்கும். விம்மின் உதவிக் கோப்பு இந்த முரணை மறைக்கவில்லை. வரியின் இறுதிவரை நகலெடுப்பதே கூடுதல் தர்க்கமுடையது என்றும், ஆனால் அது விம்முக்கு முன்னோடியான பழைய விஐ உரைத்தொகுப்பியுடன் ஒத்துப்போகாது என்றும் கூறி, விரும்புபவர் தாமே மாற்றிக்கொள்ளும் ஒற்றை வரிக் கட்டளையையும் தருகிறது. அதிலிருந்து கிளைத்த நியோவிம், 2021-இல் வந்த 0.6 பதிப்பில் அந்த மாற்றத்தையே இயல்பாக ஆக்கிக்கொண்டது. அதன் ஆவணத்தில், விசையின் அடிப்படைச் செயல் முழுவரியை நகலெடுப்பது என்ற பழைய விளக்கம் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே, இயல்பாக இது வரியின் இறுதிவரை நகலெடுக்குமாறு மாற்றியமைக்கப்பட்டிருக்கிறது என்று குறித்து, இயல்பு மாற்றங்களின் பட்டியலுக்கு இணைப்பும் கொடுத்திருக்கிறார்கள். படிப்பவருக்கு இரண்டும் தெரிகின்றன. அந்த மாற்றியமைப்பை நீக்கினால் பழையது தானே திரும்பும் என்பதும் புரிகிறது. உங்கள் இரண்டு கட்சிகளும் ஏற்றுக்கொள்ளக்கூடிய அமைப்பு இது.

இயல்பு மதிப்பையே இரண்டு விதமாகச் சொல்ல வேண்டிய நிலையும் வரும். 2016-இல் வெளிவந்த விம் 8.0, பயனருக்கென்று அமைப்புக் கோப்பு இல்லாதபோது மட்டும் ஏற்றப்படும் இயல்புக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. அதனால், முனையத்தில் மவுஸால் உரையைத் தேர்ந்தெடுக்கும் விதம், ஒரே பதிப்பை வைத்திருந்த இருவருக்கு இரண்டு விதமாக ஆகக்கூடும் என்ற நிலை வந்தது. 'மவுஸ்' என்ற அமைப்பின் விளக்கத்தில், அதன் இயல்பு மதிப்பை மட்டுமன்றி இயல்புக் கோப்பு அதை எப்படி மாற்றுகிறது என்பதையும் விம் சேர்த்தே எழுதுகிறது. யாருக்கு எந்த நிபந்தனையில் எது நடக்கும் என்று சொல்லாத இயல்பு மதிப்பு, பயனர்களில் ஒரு பாதிப் பேருக்குப் பொய்யான தகவல்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கையேட்டில் 'இப்போது', 'இனிமேல்', 'புதிதாக' என்ற சொற்களை எழுதாதீர்கள். ஐந்து ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு எந்த 'இப்போது' என்று தெரியாது. பதிப்பு எண்ணை எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை.

கேள்வி: நான் ஓர் உரைத்தொகுப்பியின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கம் செய்ய விரும்புகிறேன். மூலம் மாறிக்கொண்டே இருந்தால் என் மொழிபெயர்ப்பு பழையதாகிவிடாதா?

ஆகும். அதை முழுவதும் தடுக்க முடியாது. ஆனால் எவ்வளவு பழையது என்பதை வாசகருக்குக் காட்ட முடியும். விம்மின் உதவிக் கோப்புகள் ஒவ்வொன்றின் முதல் வரியிலும் அது எந்தப் பதிப்புக்கானது, கடைசியாக என்று திருத்தப்பட்டது என்ற விவரம் இருக்கும். நீங்கள் மொழிபெயர்த்த மூலத்தின் தேதியை உங்கள் கோப்பிலும் எழுதிவையுங்கள். மூலத்தின் தேதி முன்னே சென்றுவிட்டால் எந்தக் கோப்பை மீண்டும் பார்க்க வேண்டும் என்று உடனே தெரியும். விம் மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தரும் அறிவுரைகளில் முதன்மையானது, தாவுவதற்கான குறிச்சொற்களை மொழிபெயர்க்கக் கூடாது என்பது. அவை அப்படியே இருந்தால்தான் பயனர் தம் மொழியை மாற்றினாலும் அதே இடத்துக்குப் போய்ச் சேர முடியும்.

விசைப் பெயர்களைப் பொறுத்தவரை மென்பொருளே ஓரளவு உதவும். ஈமாக்ஸின் குறிப்புரைகளில் கட்டளையின் பெயரை ஒரு சிறப்புக் குறிக்குள் எழுதினால், படிக்கும் நேரத்தில் அந்தப் பயனரின் கணினியில் அக்கட்டளைக்கு உள்ள விசை அங்கே தானாகத் தோன்றும். அதன் பயிற்சிப் பாடமும், பயனர் அடிப்படை விசைகளை மாற்றியிருந்தால், பாடம் தொடர்புடைய இடங்களிலேயே வண்ண எழுத்தில் எச்சரிக்கை காட்டும். இவை காப்பாற்றுவது விசையின் பெயரைத்தான். 'வரி' என்ற சொல்லின் பொருள் மாறியதை எந்தக் கருவியும் உங்களுக்குச் சொல்லாது. அதை நீங்களே படித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

கேள்வி: நிரலை மாற்றியவர், 'ஆவணத்தை அடுத்த மாதம் எழுதித் தருகிறேன்' என்கிறார். காத்திருக்கலாமா?

வேண்டாம். ஏன் மாற்றினோம், எந்த நேரங்களில் பழைய நடத்தையே தொடர்கிறது, யாருக்கு இது இடைஞ்சலாகும் என்பவை அவர் நினைவில் இன்று இருக்கும். அடுத்த மாதம் இருக்காது. அவரிடம் முழுக் கையேட்டையும் கேட்காதீர்கள். முன்பு இந்த விசை என்ன செய்தது, இந்தப் பதிப்பில் என்ன செய்கிறது, பழையதற்குத் திரும்புவது எப்படி என்ற மூன்று வாக்கியங்களை மட்டும், நிரல் மாற்றத்துடன் ஒரே கமிட்டில் (ஒன்றாகப் பதிவாகும் மாற்றத் தொகுப்பில்) எழுதித் தரச் சொல்லுங்கள். நடை சரியில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை. அந்த மூன்று வாக்கியங்கள் கையில் இருந்தால், மற்ற இடங்களை நீங்கள் விசையை அழுத்திப் பார்த்தே திருத்திவிடலாம். முதலில் மேசைகளில் ஒட்டியிருக்கும் அட்டைகளிலிருந்து தொடங்குங்கள்.